பதினொரு தரம் தாரை வார்த்தவர்

இருங்கோ தங்கச்சி, முதல்ல அந்தக் குளிர்ச்சட்டையைக் கழட்டிப்போட்டு ஆறுதலா இருங்கோ. கம்ப்யூட்டரைப் பிறகு திறக்கலாம், அது எங்கயும் ஓடாது. ஒஸ்லோவில செத்தவைக்கு நினைவுப் புத்தகம், அதுதான் கல்வெட்டு, அடிக்கிற மற்ற ஆக்கள் விபரத்தை ஈமெயிலில அனுப்பு எண்டுதான் சொல்லுறவை. நீங்கள் வேற அலுவலா எண்டாலும் இந்த வடக்கு நுனி மட்டும் வந்திட்டியள். நல்லதாப்போச்சு. இது ஈமெயிலில எழுதுற கதையில்லை.

அருளம்பலத்தாரின்ர முப்பத்தோராம் நாளுக்கு வாற சனத்துக்குக் கையில குடுக்கக் கல்வெட்டு வேணும். பிறந்தது, வளந்தது, படம், தேவாரம், எல்லாம் இந்தக் கடுதாசி உறைக்குள்ள கிடக்கு. பிரச்சினை நடுப்பக்கம். அந்த வம்சாவளி எழுதுற பக்கம். அருளம்பலத்தாருக்குப் பிள்ளையள் எத்தினை எண்டு ஃபோனில கேட்டனீங்கள். நான் பன்னிரண்டு எண்டன். நீங்கள் சிரிச்சனீங்கள். இல்லை, இல்லை, சிரிச்சனீங்கள், எனக்குக் கேட்டது. பெத்தது ஒண்டு. தாரை வார்த்தது பதினொண்டு. ரெண்டையும் கூட்டினால் பன்னிரண்டுதானே.

எண்பத்தொன்பதில நான் இஞ்ச வந்தன். என்ர மனிசன் குகதாசன் மீன் கொம்பனியில வேலை. அந்தா, குசினியில நிக்கிறார், தேத்தண்ணி போடுறார், ஒரு தேத்தண்ணிக்கு அரை மணித்தியாலம். அப்ப இந்த ஊரில தமிழ்ப் பொடியள் இருபத்தைஞ்சு பேர், கனபேர் கலியாணம் கட்டாதவங்கள். கலியாணப் பொம்பிளையளைக் கொழும்பில பிளேன் ஏத்திவிடுறது. விசா பொம்பிளைக்கு மட்டும். தாய் தகப்பன் ஆர் வாறது? ஆனால் தாலி ஏற முதல், தகப்பன் எண்டு ஒருத்தர் பிள்ளையின்ர கையைப் பிடிச்சு மாப்பிளையின்ர கையில வைச்சு, தண்ணி வாத்துக் குடுக்கவேணும். அது இல்லாமல் ஐயர் மேல போகமாட்டார். இந்த ஊரில அம்பது வயசு தாண்டின ஒரே ஒரு தமிழ் ஆள் அருளம்பலத்தார். அவருக்கு அப்பிடித்தான் தகப்பன் உத்தியோகம் கிடைச்சது.

உத்தியோகம் எண்டு சும்மா சொல்லேல்ல. மனிசன் அங்க இலங்கையில போஸ்ட்மாஸ்டர். எல்லாத்தையும் உத்தியோகமாத்தான் செய்வார். இஞ்ச மீன் கொம்பனியில நிக்கேக்கயும் நெத்தியில மூண்டு குறி, உள்ளுக்குள்ள இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு, அதுக்கு மேல பிளாஸ்ரிக் ஏப்ரன், கையில மீன் வெட்டுற கத்தி. பிறந்ததில இருந்து மச்சம் தொடாத ஆள், தங்கச்சி. பதினைஞ்சு வருசம் மீன் வெட்டினவர், ஒரு துண்டு வாயில வைக்கேல்ல. வெள்ளைக்காரன் கேப்பான், அம்பலம், இது ருசியான மீனோ எண்டு. அவர் மணந்து பாத்திட்டுச் சொல்லுவார், ஓம், நல்ல ருசி எண்டு. ஒருக்காவும் பிழைக்கிறேல்ல.

கிறிஸ்மஸுக்குக் கொம்பனி ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெரிய மீன் குடுக்கும். அதை அவர் பங்கு போட்டு எங்கட வீடுகளுக்குக் கொண்டுவருவார். ஒவ்வொரு பொதியிலயும் பேர், வீதி, வீட்டு இலக்கம், தபால் இலக்கம், எல்லாம் வடிவா எழுதியிருக்கும். நாங்கள் இருந்தது அவருக்கு மூண்டாவது கதவு. கையில கொண்டந்து தாற மீனுக்கு என்னத்துக்கு அப்பா தபால் இலக்கம் எண்டு கேட்டால், நான் வழியில விழுந்துபோனாலும் மீன் வந்து சேரவேணும் பிள்ளை எண்டுவார்.

விழுறதைப் பற்றிச் சொல்லவேணும். எனக்கு ஐசில நடக்கப் பழக்கினது அவர்தான். வழுக்காமல் சப்பாத்துக்கு மேல கம்பளி மேஸைப் போட்டுவிட்டு, தாரா மாதிரி ஆடி ஆடி நட பிள்ளை எண்டு சொல்லித் தானே முன்னுக்கு நடந்து காட்டுவார். காட்டிக்கொண்டே விழுவார். எழும்பி, இப்பிடி நடக்கக்கூடாது, விளங்கினதோ எண்டுவார்.

என்ர கலியாணம் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில. அதில ஒரு கூத்து நடந்தது. தாரை வாக்கேக்க தாய் தகப்பன் ரெண்டு பேரும் நிக்கவேணும். அவரின்ர மனிசி சிவபாக்கியம் மாமி யாழ்ப்பாணத்தில, சாவகச்சேரியில. சரி, மாமியின்ர படத்தைக் கதிரையில வைப்பம் எண்டு முடிவெடுத்தம். வைச்சாச்சு. பிள்ளையாருக்கு மாலை, குத்துவிளக்குக்கு மாலை, மாப்பிளைக்கு மாலை. ஆரோ ஒராள் ஒரு மாலை மிஞ்சிக் கிடக்கு எண்டு மாமியின்ர படத்துக்கும் போட்டுட்டுது. ஆர் எண்டு இப்ப கேட்டு என்ன பிரயோசனம். கலியாணப் பரபரப்பில பொம்பிளைக்கே கை சும்மா இருக்காது. அந்தப் போட்டோ ஊருக்குப் போச்சு. அங்க கையில வாங்கிப் பாத்த முதல் ஆள் சிவபாக்கியம் மாமி. தன்ர படத்தில மாலையைத் தானே பாத்தா. உடன ஒரு எயார்மெயில் வந்தது: நான் செத்த துக்கத்தில நீங்கள் சாப்பிடாமல் கிடக்கக்கூடாது, என்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை வடிவாச் செய்யுங்கோ. மனிசன் அதை எங்களுக்கு வாசிச்சுக் காட்டிக் காட்டிச் சிரிச்சார். மாலை போட்டது ஆர் எண்டு மாமி கேட்டு எழுதினதுக்கு, நான்தான் எண்டு பதில் போட்டவர். அப்பிடி ஒரு மனிசன்.

எனக்கு மூத்த பொடியன் பிறக்கேக்க பத்தியச் சமையலுக்கு ஆருமில்லை. அவர் மாமிக்கு எழுதிக் கேட்டார், பிள்ளைப்பெத்தவைக்குச் சரக்கு எப்பிடி அரைக்கிறது எண்டு. அப்ப யாழ்ப்பாணத்துக்குத் தபால் போய் வாறது அவ்வளவு சுகமோ. பதில் வரப் பொடியனுக்கு அஞ்சு மாசம், தவழுறான். மனிசன் கடிதத்தோட வந்து குசினிக்குள்ள நிண்டு மல்லி, மிளகு, மஞ்சள் எல்லாம் அரைக்கிறார். இனி என்னத்துக்கு அப்பா எண்டு கேட்டன். தபால் பிந்தி வந்தால் பிரிக்காமல் விடுறதோ எண்டு கேட்டார். குடிச்சன். குகதாசனும் குடிச்சார். பொடியனுக்கும் விரலில தொட்டு வைச்சார்.

தேத்தண்ணி வந்திட்டுது. குடியுங்கோ. சீனி காணாட்டிச் சொல்லுங்கோ, காணாது, எனக்குத் தெரியும்.

எனக்குப் பிறகு ஒவ்வொருத்தரா வந்தவை. பதினொரு பொம்பிளையள், பதினொரு கலியாணம், பதினொரு தரமும் அதே வேட்டி. இப்ப இருபத்தாறு பேரப்பிள்ளையள் அம்மப்பா எண்டு கூப்பிட்டு வளந்ததுகள். அதில என்ர கலியாணம்தான் முதல். ஐப்பசியில. எனக்கு அடுத்தவள் கௌசலாவின்ர கார்த்திகையில. ஆனால் அவளுக்குக் கந்தோரில கலியாணப் பதிவெழுத்து ஆவணியிலயே முடிஞ்சிட்டுது எண்டுபோட்டு, தான்தான் மூத்தவள் எண்டு நிக்கிறாள். பதிவெழுத்துக்கு ஆர் தாரை வாத்தது? போகட்டும். அப்பா என்னைத் தனியக் கூப்பிட்டு, நீதான் என்ர மூத்த பிள்ளை, மற்றவையளுக்குச் சொல்லிப்போடாதை எண்டு சொன்னவர். இதைச் செத்தவீட்டில நான் வாய் தவறிச் சொல்லிப்போட்டன். கௌசலா சொல்லுறாள், தனக்கும் இதே சொல்லைத்தான் சொன்னவராம். சொல்லியிருப்பார், தங்கச்சி. அவளின்ர மனம் நோகக்கூடாது எண்டு சொல்லியிருப்பார். எனக்குத்தான் உண்மையாச் சொன்னவர்.

அதுதான் உங்களை முதல்ல என்ர வீட்டுக்குக் கூப்பிட்டது. நடுப்பக்கத்தில மூத்த மகள் எண்ட இடத்தில ஆரின்ர பேர் வருது எண்டது எனக்குச் சின்ன விசயமில்லை. என்ர சொந்த அப்பா நான் இஞ்ச வந்து ஒரு வருசத்தில போய்ச் சேந்திட்டார். செத்தவீட்டுக்கும் போகேல்ல, கல்வெட்டும் அடிக்கேல்ல, அந்த நேரம் ஆர் அடிக்கிறது. ஒரு புத்தகத்தில மகள் எண்டு என்ர பேர் வாறதெண்டால் இதில மட்டும்தான் வரும். எனக்கு அந்த ஆசை இருக்கு. ஒளிக்கேல்ல.

பெத்த மகளோ? சொல்லுறன். மங்களேஸ்வரி. அருளம்பலத்தார் இஞ்ச வந்து விசா எடுக்கேக்க மனிசிக்கு விசா கிடைச்சது, மகளுக்குக் கிடைக்கேல்ல. பதினெட்டு வயசு தாண்டிட்டுதாம். குமர்ப்பிள்ளையைத் தனிய விட்டிட்டு எப்பிடி வாறது எண்டு மாமி அங்கயே நிண்டிட்டா. தொண்ணூற்றொண்டில மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. இவரின்ர அகதிப் பாஸ்போட்டில உலகத்தில எங்கயும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகேலாது. கடைசியில மாமன்காரன் தாரை வாத்தது.

அண்டைக்குக் காலமை எட்டு மணியிருக்கும், மனிசன் வேட்டி சால்வையோட எங்கட கதவடியில நிக்கிறார். பனி கொட்டுது, வேட்டி. மகளின்ர கலியாண நாள் எண்டு தெரியும், நானும் பாயாசம் வைச்சனான். வந்து இருந்தார். மணிக்கூட்டைப் பாத்தார். தண்ணி கொஞ்சம் தா பிள்ளை எண்டார். குடுத்தால், குடிக்காமல் எழும்பிப் போய் யன்னல் கரையில இருந்த பூச்சாடிக்குள்ள மெல்லமா ஊத்துறார். அது பிளாஸ்ரிக் பூ, தங்கச்சி. தண்ணி வழிஞ்சு புதுக் கார்ப்பெட் முழுக்க நனைஞ்சுபோச்சு. நான் நல்லா ஏசிப்போட்டன். வயசு போகப் போக அவருக்கு அப்பிடி ஒரு மறதி. பாவம், மன்னிச்சுக்கொள் பிள்ளை எண்டு குனிஞ்சு சால்வையால துடைச்சவர்.

பிறகு நோர்வேப் பாஸ்போட் கிடைச்சது. சமாதான காலத்தில, ரெண்டாயிரத்து மூண்டில ஊருக்குப் போனார். அதுக்குள்ள மாமி செத்து ரெண்டு வருசம். ரெண்டு மாசம் நிக்கப் போன மனிசன் பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்து நிக்கிறார். என்னப்பா எண்டால், வெக்கை தாங்கேல்லப் பிள்ளை எண்டார். மகள் எப்பிடி எண்டு கேட்டன். நல்லா மரியாதை தந்தவள், வாழையிலை போட்டுச் சாப்பாடு தந்தவள், விருந்தாளி மாதிரிக் கவனிச்சவள் எண்டார். எனக்குச் சந்தோசம். அங்க அவ்வளவு கவனிப்பு இருந்தும் எங்களைத் தேடி ஓடி வந்திட்டார் எண்டு.

அதுக்குப் பேந்தும் மகள்காரி ஒருக்காவும் இஞ்ச வரேல்ல. நாங்கள் ரெண்டு தரம் விசா எடுத்துக் குடுத்தம். வரேல்ல. தீபாவளிக்கு ஒரு ஃபோன், அவ்வளவுதான். கல்மனசு எண்டுதான் நாங்கள் கதைக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, செத்தவீடு முடிஞ்சு நாலாம் நாள், கல்வெட்டுக்கு அவவின்ர சம்மதம் கேக்கவேணுமெண்டு எல்லாரும் இஞ்சதான் கூடினம். ஒன்பது பேர் இந்தக் கதிரையளில. ஒருத்தி பேர்கனில இருந்து, ஒருத்தி லண்டனில இருந்து ஃபோனுக்குள்ள. ஃபோனைச் சீனிப் பேணியில சாத்தி வைச்சுச் சாவகச்சேரிக்கு எடுத்தம்.

மங்களேஸ்வரி நல்ல நிதானமாத்தான் கதைச்சவ. "அக்கா, நீங்கள்தான் அவரைப் பாத்தனீங்கள். உங்கட பேரைப் போடுங்கோ. என்ர பேர் வேண்டாம். அவருக்கு நான் ஒண்டும் செய்யேல்ல. அவரும் எனக்கு ஒண்டும் செய்யேல்ல."

"அப்பிடிச் சொல்லாதை பிள்ளை" எண்டு நான் வாயால சொன்னன். மனசுக்குள்ள, சரி, அந்த இடம் காலி எண்டு நினைச்சன். உங்களுக்கு ஏன் பொய் சொல்லுவான்.

ஃபோனை வைக்கப் போற நேரம் அவ கேட்டா. "அக்கா, நான் ஒருக்காவும் கேக்கேல்ல. உங்களைத் தாரை வாக்கேக்க அப்பா எப்பிடி நிண்டவர்?"

அவவை ஒருக்காச் சிரிக்கப்பண்ணுவம் எண்டு, நான் முப்பத்தைஞ்சு வருசம் ஒருதருக்கும் சொல்லாத விசயத்தைச் சொன்னன். மணவறையில ஐயர், பிள்ளையின்ர பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்கோ எண்டு கேட்டவர். தகப்பன் சொல்ல, ஐயர் அதை மந்திரத்துக்குள்ள வைச்சுச் சொல்லவேணும். நாதஸ்வரக் கசெட் காதடைக்கப் போகுது. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மனிசன் சொல்லுறார், மங்களேஸ்வரி, உத்தரட்டாதி எண்டு. நான் தவமலர். திருவோணம். குகதாசன் திரும்பி என்ர முகத்தைப் பாக்கிறார், ஆளை மாத்திப்போட்டினமோ எண்டு. ஐயருக்கு என்னத்தைத் தெரியும், அவர் அந்தப் பேரிலயே சொல்லி முடிச்சுத் தண்ணியும் வாத்தாச்சு. பிறகு அப்பா என்ர காதுக்குள்ள, பேர் மாறிப்போச்சு பிள்ளை, ஆருக்கும் சொல்லிப்போடாதை எண்டார். நான் ஏன் சொல்லுறன்? பேர் மாறித் தாரை வாத்த கலியாணம் செல்லுமோ செல்லாதோ எண்டு எனக்கே பயம்.

சொல்லி முடிச்சுப்போட்டு நான்தான் சிரிச்சன். வேற ஒருதரும் சிரிக்கேல்ல. கௌசலா என்னை ஒரு மாதிரிப் பாக்கிறாள். "உனக்குமோ?" எண்டு கேட்டாள்.

"என்ன எனக்குமோ?"

"எனக்கும் மங்களேஸ்வரி எண்டுதான் சொன்னவர். உத்தரட்டாதி எண்டு. ஒருதருக்கும் சொல்லாதை எண்டவர்."

அந்தக் கதிரையில இருந்தவள் எனக்கும் எண்டாள். பக்கத்தில இருந்தவள் எனக்கும் எண்டாள். பேர்கன்காரி ஃபோனுக்குள்ள நிண்டு அழுறாள். பதினொரு பேரும், தங்கச்சி. பதினொரு பேரும் அவரவர் கலியாணம் பிழைச்சுப்போகும் எண்ட பயத்தில வாயை மூடிக்கொண்டு இவ்வளவு வருசம் இருந்திருக்கிறம். முதல் தரம் வாய் தவறினது எண்டு வையுங்கோ. பதினோராம் தரமும் வாய் தவறுமோ?

சாவகச்சேரியில இருந்து மங்களேஸ்வரி மெல்லமாக் கேட்டா, "கடைசிக் கலியாணம் எப்ப நடந்தது?"

கடைசி சுகிர்தாவின்ர. தொண்ணூற்றெட்டில. அப்ப மங்களேஸ்வரிக்கு மூண்டு பிள்ளையள். சுகிர்தா ஃபோனுக்குக் கிட்டக் குனிஞ்சு, "ஓம் அக்கா, உங்கட பேரைத்தான் சொன்னவர். நான் பூரம்" எண்டாள்.

அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை அழுத அழுகை. செத்த செய்தி சொல்லேக்க கூட அப்பிடி அழேல்ல. "எனக்குத் தாரை வாக்க வரேல்ல எண்டு முப்பத்திமூண்டு வருசம் அந்த மனிசனோட முகம் குடுத்துக் கதைக்கேல்லையே அக்கா. பாக்க வந்த மனிசனுக்கு இலையில சோத்தைப் போட்டுட்டு உள்ளுக்குப் போய் இருந்திட்டனே" எண்டு சொல்லிச் சொல்லி அழுதா. நாங்களும் அழுதம். கௌசலாவும் நானும் ஒருத்தியின்ர தோளில ஒருத்தி சாஞ்சு அழுதம் எண்டால் யோசிச்சுப் பாருங்கோ. குசினிக்குள்ள இருந்து இந்த மனிசன் எட்டிப் பாத்துக் கேக்கிறார், அப்ப நான் ஆரைக் கட்டினனான் எண்டு. முப்பத்தைஞ்சு வருசம் கழிச்சுச் சந்தேகம்.

வைக்க முதல் மங்களேஸ்வரி சொன்னா, "அக்கா, இடமிருந்தால் என்ர பேரையும் போடுங்கோ. கடைசியில எண்டாலும் காணும்."

பெத்த பிள்ளை, இடமிருந்தால் எண்டு எங்களிட்டக் கேக்குது. அந்த இடம் காலி எண்டு சந்தோசப்பட்ட என்னை என்ன செய்யிறது, சொல்லுங்கோ.

சரி, கம்ப்யூட்டரைத் திறவுங்கோ. எழுதுங்கோ. மூத்த மகள், மங்களேஸ்வரி. எழுதியாச்சோ? பெரிய எழுத்தில போடுங்கோ.

கீழ எங்கட பதினொரு பேரையும் எந்த ஒழுங்கில எண்டாலும் போடுங்கோ. மெய்யாத்தான் சொல்லுறன். கௌசலாவை எனக்கு மேல போட்டாலும் நான் ஒண்டும் கேக்கன். இந்தக் கிழமை முழுக்க யோசிச்சு யோசிச்சு எனக்கு ஒண்டு விளங்கியிருக்கு. அந்த மனிசன் மங்களேஸ்வரியைத்தான் பதினொரு தரமும் தண்ணி வாத்துக் குடுத்தவர். தவமலர் எண்டு ஒருத்தியை அவர் ஒருதருக்கும் குடுக்கேல்ல. குடுக்காத பிள்ளை தகப்பன் வீட்டிலதானே இருக்கும்? அவர் விலாசம் எழுதிக் கொண்டந்த மீன் பொதியை வாங்கிக்கொண்டு, கடைசி மட்டும் நான் அவரின்ர பிள்ளையா அவரின்ர வீட்டிலதான் இருந்திருக்கிறன்.

கௌசலாவுக்கும் அப்பிடித்தானே எண்டு கேக்காதேங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ.